குரலைத் துறந்து வென்ற படம்

இளம் வாசகர்களுக்கென்று எழுதப்பட்டு, பள்ளிக்கூடப் பைகளுக்குள்ளும் தலையணைகளுக்கு அடியிலும் புகுந்து, லட்சோபலட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்த ஒரு நாவலை ஹாலிவுட் ஸ்தாபனம் ஒன்று படமெடுக்க வாங்கிவிட்டது என்ற செய்தி வெளியாகும்போது, அந்த நாவலை நேசித்தவர்களின் உள்ளத்தில் முதலில் எழுவது ஒருவகைக் கலக்கமே. வாராவாரம் காத்திருந்து தொடர்கதை படித்துப் பழகிய நம் வாசகர்களுக்கு அந்தக் கலக்கம் புதிதன்று. மனத்தில் வரைந்து வைத்திருந்த முகம் வேறு, திரையில் வந்து நிற்கும் முகம் வேறு என்று குறைப்பட்டுக்கொண்டே டிக்கெட் வாங்கும் வழக்கம் நமக்கும் உண்டு. படம் முடிந்து வெளியே வரும்போது, “என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வருமா?” என்ற கேள்வியை யாராவது ஒருவர் கேட்பார், உடன் வருபவர் தலையாட்டுவார், அத்துடன் விசாரணை முடிந்துவிடும்.

அப்படித் தலையாட்டுவதற்கு வேண்டிய காரணங்களையெல்லாம் முன்கூட்டியே சேகரித்து வைத்துக்கொண்டு பார்க்க உட்கார்ந்த ஒரு படம், 142 நிமிஷம் ஓடி முடிந்தபோது, நாவலின் மீதிருந்த மதிப்பைச் சிறிதும் குறைக்காமலே தனக்கென்று ஒரு தனி மதிப்பையும் சம்பாதித்துக்கொண்டுவிட்ட அதிசயத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. சூசன் காலின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் எழுதி 2008 செப்டம்பரில் வெளிவந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவல், அதே பெயரில், கேரி ராஸின் இயக்கத்தில் 2012 மார்ச் 23 அன்று அமெரிக்கத் திரையரங்குகளை அடைந்தது. முதல் மூன்று நாளில் வட அமெரிக்காவில் மட்டும் 15 கோடி டாலருக்கு மேல் வசூல் என்பதும், உலகெங்கும் சேர்த்து அது ஏறக்குறைய 69 கோடி டாலரை எட்டியது என்பதும் ஊரறிந்த விஷயங்கள். வசூல் ஒரு படத்தின் யோக்கியதைக்குச் சாட்சி ஆகாது என்பதும் ஊரறிந்ததே ஆகையால், அந்தக் கணக்கை இத்துடன் விட்டுவிடலாம்.

கதையும் அதன் பிறப்பும்

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வதானால்: இன்று நாம் வட அமெரிக்கா என்று அழைக்கும் பூமி யுத்தத்தாலும் இயற்கையின் சீற்றத்தாலும் சிதைந்துபோன பிறகு, அங்கே எழுந்த பானெம் என்ற தேசத்தில், சகல போகங்களும் நிறைந்த ஒரு தலைநகரும், அதற்காக உழைத்து ஓயும் 12 மாவட்டங்களும் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கலகம் செய்தன, கலகம் ஒடுக்கப்பட்டது. அதற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து காணிக்கையாக அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் பரந்த ஒரு வனாந்தரத்தில் விடப்பட்டு, ஒருவர் மட்டும் மிஞ்சும் வரையில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். தேசம் முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும், தலைநகர்வாசிகள் கேளிக்கையாகவும் மாவட்டத்து ஜனங்கள் கட்டாயமாகவும். நிலக்கரி வெட்டிப் பிழைக்கும் 12-ஆம் மாவட்டத்தில், சீட்டில் தன் தங்கை ப்ரிம்மின் பெயர் வந்துவிட, அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வரும் 16 வயதுப் பெண் கட்னிஸ் எவர்டீன்தான் கதாநாயகி. ரொட்டிக் கடைக்காரரின் மகன் பீட்டா அவளுடன் அனுப்பப்படும் பையன். காட்டில் அவளுடன் வேட்டையாடிய கேல் ஊரில் எஞ்சி நிற்பவன்.

ஓர் இரவு தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சியும் மற்றொன்றில் ஈராக் யுத்தத்தின் காட்சிகளும் மாறி மாறி வந்து, களைத்த கண்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தோன்றியதிலிருந்தே இக்கதை பிறந்ததாகக் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். ஆதென்ஸ் நகரம் ஏழு வாலிபர்களையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவிலிருந்த காளைத்தலை அரக்கனுக்கு இரையாக அனுப்பிய கிரேக்க புராணமும், ரோமாபுரியின் வாள்வீரர் அரங்கங்களும் அதனுடன் சேர்ந்துகொண்டன. அவருடைய தந்தை அமெரிக்க விமானப் படையின் அதிகாரி. யுத்த சரித்திரத்தில் தேர்ந்தவர். 1968-இல், மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, வியட்நாமுக்குப் போனவர். யுத்தம் என்பது தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தெரியும் காட்சியாகவும், அதே சமயம் தகப்பனார் போயிருக்கும் இடமாகவும் இருந்த ஒரு பால்யத்தை நினைத்துப் பார்த்தால், இந்த நாவலின் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமாக இல்லை.

சந்தேகத்தின் நியாயங்கள்

இனி, படத்தைப் பற்றி ஏன் சந்தேகப்பட வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தச் சந்தேகங்கள் வெறும் வாசக கர்வம் அல்ல, ஒவ்வொன்றுக்கும் தக்க ஆதாரம் இருந்தது.

முதலாவது, நாவல் எழுதப்பட்டிருக்கும் முறை. கதை முழுவதையும் கட்னிஸே சொல்கிறாள். அதுவும் நடந்து முடிந்ததைச் சாவகாசமாக நினைவுகூர்பவளாக அல்லாமல், நடக்கிறது, பார்க்கிறேன், ஓடுகிறேன் என்று நிகழ்காலத்திலேயே சொல்கிறாள். ஆகவே அவள் அறியாத எதையும் வாசகன் அறிவதில்லை. அடுத்த பக்கத்தில் அவள் உயிரோடு இருப்பாளா என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை. அவளுடைய மனமோ ஒரு வேட்டைக்காரியின் மனம்: எந்தக் கிழங்கைத் தின்னலாம், தண்ணீர் எவ்வளவு மிச்சம், எந்த மரத்தில் இரவைக் கழிக்கலாம், இந்தப் பையன் காட்டும் அன்பு மெய்யா, தன்னைக் கொல்வதற்கான சூழ்ச்சியா என்று ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனம். இத்தகைய அந்தரங்கப் பேச்சைத் திரைக்குக் கொண்டுவருபவர்கள் சாதாரணமாகக் கையாளும் உபாயம், கதாநாயகியின் குரலைப் பின்னணியில் ஓயாது ஒலிக்க விடுவது. அது படிக்கும் சுகத்தையும் தராது, பார்க்கும் சுகத்தையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது, காலம். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவல் 2008-இல் படமாகிப் பெருவெற்றி பெற்றதிலிருந்து, ஒரு பெண்ணும் அவளுக்காக ஏங்கும் இரண்டு இளைஞர்களும் இருந்தால் போதும், கதையின் மற்ற அம்சங்களெல்லாம் அலங்காரமே என்ற எண்ணம் ஹாலிவுட்டில் வேரூன்றியிருந்தது. அந்தப் படங்களைத் தயாரித்த சம்மிட் நிறுவனத்தையே, ‘தி ஹங்கர் கேம்ஸ்’ படத்தைத் தயாரித்த லயன்ஸ்கேட் நிறுவனம் 2012 ஜனவரியில் விலைக்கு வாங்கிற்று. கட்னிஸ், பீட்டா, கேல் மூவரையும் அதே வார்ப்பில் ஊற்றி, நீ எந்தப் பையனின் கட்சி என்று விடலைப் பெண்களைக் கேட்கும் ஆரவாரம் படம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பசியையும் கொடுங்கோன்மையையும் பற்றிய கதையில், பார்க்கிறவர்கள் கவலைப்பட வேண்டியது கதாநாயகியின் கலியாணத்தைப் பற்றித்தானா என்று எரிச்சல் உண்டானது இயற்கையே.

மூன்றாவது, தணிக்கை. குழந்தைகள் குழந்தைகளைக் கொல்லும் கதையை, குழந்தைகளே பார்க்கலாம் என்ற சான்றிதழுக்கு உட்பட்டு எடுக்க வேண்டும். ரத்தத்தைக் காட்டினால் நாவலைப் படித்த பிள்ளைகளுக்கே அரங்கில் இடமில்லை. காட்டாவிட்டால் கொலை என்பது விளையாட்டாகிவிடும். பிரிட்டனில் 12 வயதினரும் பார்க்கும்படியான சான்றிதழைப் பெறுவதற்காக, ரத்தத் துளிகள் தெரியும் 7 விநாடிகளை மாற்றவும் நீக்கவும் வேண்டியிருந்தது. கின்ஜி ஃபுகாசாகு 2000-இல் இயக்கிய ‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானியப் படம், மாணவர்களை ஒரு தீவில் அடைத்துவைத்து ஒருவரையொருவர் கொல்லச் செய்யும் கதையை எதையும் ஒளிக்காமல் காட்டியிருந்ததால், அதன் பக்கத்தில் இது பால் குடிக்கும் பூனையாக நிற்கப் போகிறது என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு.

இயக்குநரின் பெயரும் ஆறுதல் தருவதாக இல்லை. ‘பிக்’ படத்தின் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவர். ‘பிளெஸன்ட்வில்’, ‘சீபிஸ்கட்’ ஆகியவற்றை இயக்கியவர். மனித சுபாவத்தின் நல்ல பக்கத்தை இதமாகக் காட்டுவதில் கைதேர்ந்தவர். அவருக்கும் இந்தக் கொலைக்களத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதல் அரை மணி

படம் தொடங்கி ஒரு நிமிஷத்துக்குள் அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. நாவல், கட்னிஸ் கண்விழிக்கும் படுக்கையில் ஆரம்பமாகிறது. படமோ அவள் இல்லாத இடத்தில், தலைநகரின் ஒளிவெள்ளத்தில், போட்டியை வடிவமைக்கும் தலைமை அதிகாரி செனிகா கிரேனை, நீலநிறக் கேசம் தரித்த தொகுப்பாளர் சீஸர் ஃப்ளிக்கர்மன் பேட்டி காணும் இடத்தில் ஆரம்பமாகிறது. ஒரு சிற்பியிடமோ சங்கீத வித்துவானிடமோ கேட்பது போன்ற மரியாதையுடன், தங்கள் கைவண்ணத்தின் தனி முத்திரை என்ன என்று அவர் கேட்கிறார். பதில் வருவதற்கு முன் காட்சி அறுபடுகிறது. 12-ஆம் மாவட்டத்தின் ஒரு மரவீட்டில், கெட்ட கனவு கண்டு அலறுகிறாள் ப்ரிம். அந்த அலறல்தான் பதில். நாவலாசிரியை பல பக்கங்களில் மெல்ல மெல்ல உணர்த்துவதை ஒரே வெட்டில் உணர்த்திவிட்ட இடம் இது; அதைவிட முக்கியமாக, கட்னிஸின் குரலை நம்பிப் பிழைக்கப் போவதில்லை என்று இயக்குநர் அறிவித்துவிட்ட இடமும் இதுதான்.

தம் பிள்ளைகளின் வாயிலாக இந்நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதை இயக்கும் வாய்ப்பைத் தேடிப் பெற்றவர் ராஸ். முதல் திரைக்கதையைக் காலின்ஸே எழுதினார். பில்லி ரே அதைத் திருத்தினார். பின்பு காலின்ஸுடன் உட்கார்ந்து ராஸ் மீண்டும் அமைத்தார். நாவலாசிரியையே உடனிருந்தும் நாவலுக்கு அடிமைப்படாத ஒரு திரைக்கதை உருவானது இந்தப் படத்தின் முதல் பாக்கியம்.

இரண்டாவது பாக்கியம், இடம். வட கரோலினா மாநிலத்தில் ஹில்டெப்ரன் என்ற சிற்றூருக்கு அருகே, பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்டு, ஆலை போனபின் ஆளரவமற்றுக் கிடந்த ஹென்றி ரிவர் என்னும் கிராமத்தையே 12-ஆம் மாவட்டமாக்கியிருக்கிறார்கள். சாயம் உதிர்ந்த பலகைச் சுவர்கள், சாய்ந்த திண்ணைகள், புல் மண்டிய பாதை. எதிர்காலத்துக் கதையென்று சொல்லிக்கொண்டு கண்ணாடிக் கோபுரங்களைக் கட்டியெழுப்பாமல், உண்மையிலேயே ஒரு தொழில் அழிந்துபோன ஊரில் காமிராவை வைத்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது வாக்கர் எவன்ஸும் டாரத்தியா லாங்கும் எடுத்த புகைப்படங்களில் நாம் கண்ட ஒட்டிய கன்னங்களும் மங்கிய பருத்தி உடைகளும் இங்கே உயிர்பெற்று நடமாடுகின்றன. அமெரிக்காவின் எதிர்காலத்தைக் காட்டுவதற்கு அதன் கடந்த காலத்திடமே கடன் வாங்கிய இந்த விவேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒளிப்பதிவாளர் டாம் ஸ்டெர்ன், கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் படங்களில் பழகிய கை; வெளிச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தெரிந்தவர்.

அடுத்து வருவது சீட்டுக் குலுக்கும் நாள். அரசாங்கம் அதற்கு அறுவடை என்று பெயர் வைத்திருக்கிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று கேட்டால், பின்பு தலைநகரில் கட்னிஸ் உடுத்தி வரும் எரியும் உடையும் அல்ல, அவளுடைய வில்வித்தையும் அல்ல, இதுதான் என்பேன். வெளுத்த உடை அணிந்த பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவர் விரலிலும் ஊசி குத்தி ரத்தத்தைப் புத்தகத்தில் பதித்துக்கொள்கிறார்கள். அந்த ஊசிக்கே அஞ்சுகிற ப்ரிம்மின் முகத்தை நாம் பார்க்கிறோம். பின்னணி இசை கிடையாது. காலடிச் சத்தமும் இருமலும் காற்றும்தான். மேடையில் தலைநகரிலிருந்து வந்த எஃபி என்ற மாது, மாவு பூசிய முகமும் பகட்டான உடையுமாக நின்று, யுத்தத்தையும் தண்டனையையும் விளக்கும் அரசாங்கப் பிரசாரப் படத்தின் வசனங்களை, எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டு மனப்பாடமான பரவசத்துடன் தானும் சேர்ந்து முணுமுணுக்கிறாள். நடிகை எலிசபெத் பேங்க்ஸ் அந்தச் சின்ன உதட்டசைவில் ஒரு முழு வர்க்கத்தின் மனசாட்சியையே காட்டிவிடுகிறார். அவள் கொடுமைக்காரி அல்லள். தன் காரியம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று மட்டும் கவலைப்படுகிறவள். பெயர் வாசிக்கப்படுகிறது. அக்கா ஓடிவருகிறாள். கரகோஷம் செய்யுங்கள் என்று எஃபி கேட்கும்போது, கூட்டத்தில் ஒருவர்கூடக் கை தட்டாமல், மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்தி மௌனமாக நிற்கிறார்கள்.

அந்த மூன்று விரல் வணக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று நாவலில் கட்னிஸ் விளக்கிச் சொல்கிறாள். படத்தில் யாரும் விளக்கவில்லை. விளக்கம் இல்லாமையாலேயே அதற்கு ஒரு தனி வீரியம் உண்டாயிற்று என்று நினைக்கிறேன். 2014 மே மாதத்தில் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, பாங்காக் வீதிகளில் அதை எதிர்த்தவர்கள் இதே வணக்கத்தைச் செய்தார்கள். 2021-இல் மியன்மாரிலும் அதே விரல்கள் உயர்ந்தன. ஒரு பொழுதுபோக்குப் படத்திலிருந்து எடுத்த சைகைக்காக மெய்யாகவே மனிதர்கள் கைது செய்யப்பட்டார்கள் என்பதை, இளையோர் நாவல்களை அலட்சியமாகப் பேசும் பண்டிதர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

பார்க்கிறவர்களைப் பார்த்த காமிரா

நாவலின் குரலை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? இந்தக் கேள்விக்குப் படம் கண்டுபிடித்த விடையில்தான் அதன் வெற்றி அடங்கியிருக்கிறது. நாவலில் நாம் ஒருபோதும் போகாத இடத்துக்கு, அந்த வனாந்தரத்தை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு, படம் நம்மை அழைத்துப் போகிறது. வெண்ணிற உடை அணிந்த உத்தியோகஸ்தர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் விரலை அசைத்தால் காட்டில் நெருப்பு எழுகிறது. இன்னொருவர் ஒரு கொடிய மிருகத்தின் உருவத்தை மேஜைமீது வரைந்து காட்ட, மேலதிகாரி புன்னகைத்துச் சம்மதிக்க, மறுகணம் அது நிஜமாகவே காட்டில் பாய்கிறது. அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. யாருடைய நெற்றியிலும் வேர்வை இல்லை. நன்றாக நடக்கும் ஓர் ஆபீஸ் அது. நாவலில் நெருப்பு வரும்போது கட்னிஸுடன் சேர்ந்து நாமும் ஓடுகிறோம். படத்தில் நெருப்பை ஏவியவனின் முகத்தையும் பார்த்துவிட்டு ஓடுகிறோம். பயம் ஆத்திரமாக மாறுவது அந்த வித்தியாசத்தினால்தான்.

விஷயங்களை விளக்கிச் சொல்லும் வேலையைக் கட்னிஸிடமிருந்து பிடுங்கித் தொகுப்பாளர் சீஸரிடம் கொடுத்தது மற்றொரு யுக்தி. கொடுக்கினால் கொல்லவும் புத்தியைப் பேதலிக்கச் செய்யவும் வல்ல ஒருவகைக் குளவிகளைப் பற்றி நாவலில் அவளே நினைத்துக்கொள்கிறாள். படத்தில், கிரிக்கெட் பந்தயத்தை வர்ணிப்பவர்களைப் போல இரண்டு தொகுப்பாளர்கள் உற்சாகத்துடன் தொலைக்காட்சி நேயர்களுக்கு அதை எடுத்துரைக்கிறார்கள். நமக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர் யார்? நாம்தான். ஸ்டான்லி டூச்சி அந்தப் பாத்திரத்தில் பளீரென்ற பற்களுடன் சிரிக்கும்போதெல்லாம் கூடச் சிரிக்கத் தோன்றுகிறது. சிரித்த பிறகு சங்கடமாக இருக்கிறது. கட்னிஸுக்கும் பீட்டாவுக்கும் ஆலோசகராக வரும் ஹேமிட்ச் என்ற பழைய வெற்றியாளன், தலைநகரில் ஒரு குடும்பத்தின் சிறுவன் பரிசாகப் பெற்ற பொம்மைக் கத்தியால் தன் உடன்பிறந்தாளைக் குத்தி விளையாடுவதைப் பார்த்து நிற்கும் ஒரு கணமும் நாவலில் இல்லாதது. வசனமே இல்லாத அந்த இடத்தில் உட்டி ஹாரல்சனின் கண்களைக் கவனியுங்கள்.

தேசத்தின் அதிபதியான ஸ்னோ முதல் நாவலில் ஏறக்குறைய ஒரு நிழல் மட்டுமே. திரைக்கதையைப் படித்த டொனால்ட் சதர்லண்ட், அதிகாரம் என்பதன் தன்மையைக் குறித்து இயக்குநருக்கு நீண்ட கடிதம் எழுத, அதன் விளைவாகவே ரோஜாத் தோட்டத்தில் ஸ்னோவும் செனிகா கிரேனும் பேசும் காட்சிகள் எழுதிச் சேர்க்கப்பட்டன. ஜனங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தால் அடங்கியிருப்பார்கள், அளவு மீறினால் ஆபத்து என்ற அந்த ராஜதந்திரத்தைக் கிழவர் பூச்செடிகளைக் கத்தரித்தபடியே உபதேசிக்கிறார். ஆண்டுதோறும் எல்லோரையும் கொன்றுவிடாமல் ஒருவரை ஏன் மிச்சம் வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. கடைசியில் செனிகாவுக்கு நேரும் கதியை, பூட்டிய ஓர் அறையையும் ஒரு கிண்ணம் நிறைய நச்சுப்பழத்தையும் மட்டும் காட்டி உணர்த்தும் காட்சியும் படத்துக்கே சொந்தமானது.

கொலைகளை எப்படிக் காட்டுவது என்ற தணிக்கைச் சங்கடத்தையும் ராஸ் ஒருவாறு தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். போட்டி தொடங்கியதும் ஆயுதங்களுக்காக எல்லோரும் பாயும் முதல் கோரக் காட்சியில், ஓசைகள் யாவும் அடங்கி, காதடைத்ததுபோல் ஒரு ரீங்காரம் மட்டும் ஒலிக்க, துண்டு துண்டான பார்வைகளாக எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. யார் யாரை வெட்டினார்கள் என்று தெரிவதில்லை. புல்லில் கிடக்கும் சிறிய உடல்கள் மட்டும் தெரிகின்றன. வெற்றி முழக்கமாக ஒரு தாளம்கூட இல்லை. கொலையை ரசிக்க ஓர் இடமும் கொடுக்காத இந்த மிதத்தைப் பலவீனம் என்று சொன்னவர்களுடன் நான் உடன்படவில்லை.

ரூ என்ற 12 வயதுச் சிறுமியின் மரணமும் அவ்வாறே. நாவலில், கட்னிஸ் அந்தக் குழந்தையின் உடலைப் பூக்களால் அலங்கரித்த பிறகு, ரூவின் 11-ஆம் மாவட்டத்து ஏழைகள் தங்கள் நன்றியாக அவளுக்கு ஒரு ரொட்டியை அனுப்பிவைக்கிறார்கள். படிக்கும்போது நெஞ்சை உருக்கும் இடம். அந்த ரொட்டியைக் காணோமே என்று வருந்துவதற்கு முன்பே படம் வேறொன்றைத் தந்துவிடுகிறது. காமிராவை நோக்கிக் கட்னிஸ் மூன்று விரல்களை உயர்த்த, 11-ஆம் மாவட்டத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் பதிலுக்கு உயர்த்த, ஒரு மனிதர் பொறுக்க மாட்டாமல் காவலர்கள்மீது பாய, தானிய மூட்டைகள் சிதறிக் கலகம் மூள்கிறது. இந்தக் கலகக் காட்சியைப் படமாக்க உதவியவர் வேறு யாருமல்லர், ஸ்டீவன் சோடர்பர்க். ரூ கருமையான மேனியுடையவள் என்று நாவலே சொல்லியிருந்தும், அமண்ட்லா ஸ்டென்பெர்க் அந்த வேடத்தில் தோன்றியதற்குச் சில அமெரிக்க ரசிகர்கள் முணுமுணுத்தார்கள் என்பது வெட்கக்கேடு; புத்தகத்தைக் காதலிப்பவர்கள் எல்லோரும் அதைப் படித்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது.

இத்தனைக்கும் நடுவில் நின்று படத்தைத் தாங்குபவர் ஜெனிஃபர் லாரன்ஸ். 2010-இல் வந்த ‘வின்டர்ஸ் போன்’ படத்தில், மிசூரி மலைப்பிரதேசத்தில் வறுமையோடு மல்லுக்கட்டித் தம்பியையும் தங்கையையும் காக்கும் பெண்ணாக நடித்து ஆஸ்கார் பரிந்துரை பெற்றவர். அந்தப் பெண்ணின் கையில் வில்லைக் கொடுத்ததுதான் கட்னிஸ் என்று சொன்னாலும் பிழையில்லை. வனத்துக்குள் அனுப்பும் கண்ணாடிக் குழாய்க்குள் நுழைவதற்கு முன்னால் அவருடைய உடல் முழுவதும் நடுங்கும் நடுக்கத்தைப் பாருங்கள். நாவலின் அத்தனை நிகழ்கால வினைகளும் அந்த நடுக்கத்தில் இருக்கின்றன.

இழந்தவை

குறைகள் இல்லையா? உண்டு. கையில் பிடித்த காமிரா முதல் அரை மணியில் ஆடுகிற ஆட்டம் சிலருக்குத் தலைசுற்றலை உண்டாக்கும். ஒரு வாயிற்படியைக் காட்டுவதற்கும் அப்படி ஆட வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். பெயரிலேயே பசியைத் தாங்கிய கதையில் பசி போதவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. நாவலில், தந்தை சுரங்கத்தில் மாண்டபின் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த சிறுமிக்கு, மழையில் நனைந்தபடி பீட்டா எறிந்த இரண்டு கருகிய ரொட்டிகள் அவள் ஆயுளையே மாற்றுகின்றன. கூடுதல் தானியத்துக்காகத் தங்கள் பெயரைச் சீட்டில் அதிக முறை சேர்த்துக்கொள்ளும் ஏழைப் பிள்ளைகளின் கணக்கும் அங்கே விரிவாக வருகிறது. படத்தில் ரொட்டி சில மின்னல்வெட்டுகளாக வந்து மறைகிறது. சீட்டுக் கணக்கு, கேல் தன் பெயர் 42 முறை இருப்பதாகச் சொல்வது போன்ற ஓரிரு வரிகளோடு முடிகிறது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அதன் கொடுமை உறைக்காது.

குரலைத் துறந்ததற்குப் படம் கொடுத்த விலை பீட்டாவின் விஷயத்தில்தான் அதிகம். தன்னைக் காதலிப்பதாக அவன் சொன்னதை நம்பாமல், ஆனால் காதல் என்றால் தலைநகரத்துச் செல்வர்கள் மருந்தும் உணவும் அனுப்புவார்கள் என்று கண்டுகொண்டு, கட்னிஸ் காதலை நடிப்பதும், நடிப்பு எங்கே முடிகிறது என்று தனக்கே தெரியாமல் தடுமாறுவதும் நாவலின் மிக நுட்பமான பகுதி. குகைக்குள் நடக்கும் அந்த நாடகம் திரையில் சாதாரணக் காதல் காட்சியாகவே தோன்றுகிறது. ஹேமிட்ச் பாரசூட்டில் ஒரு குறிப்பெழுதி அனுப்பிச் சமாளிக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். பீட்டா முடிவில் ஒரு காலை இழப்பதையும் படம் விட்டுவிட்டது. வெற்றிக்கு விலை உண்டு என்பதை உடம்பிலேயே எழுதிக்காட்டிய அந்த விவரத்தை விட்டிருக்க வேண்டியதில்லை.

படத்துக்கு வெளியே நடந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்த படமான ‘கேட்சிங் ஃபயர்’ 2013 நவம்பரில் வந்தபோது, தலைநகரத்துச் சீமாட்டிகளின் பெயரால் ஓர் அழகுசாதன நிறுவனம் முகப்பூச்சு வரிசையை விற்றது; பட்டினியைப் பற்றிய படத்தின் பெயரால் ஒரு சாண்ட்விச் கடைத் தொடர் புதிய பண்டங்களை அறிமுகப்படுத்தியது. சீஸர் ஃப்ளிக்கர்மன் கேட்டிருந்தால் இரண்டுக்கும் தாமே விளம்பரம் வாசித்திருப்பார்.

அந்த இரண்டாம் படத்தை ராஸ் இயக்கவில்லை. தயாரிப்புக்கு ஒதுக்கப்பட்ட அவகாசம் போதாது என்று சொல்லி அவர் விலகிக்கொள்ள, ஃபிரான்சிஸ் லாரன்ஸ் பொறுப்பேற்றார். காமிராவின் ஆட்டம் நின்றது, செலவும் பிரம்மாண்டமும் கூடின, நல்ல படம்தான். மூன்றாம் நாவலை வசூலுக்காக 2014-இலும் 2015-இலுமாக இரண்டு படங்களாகப் பிளந்தபோது கதையின் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

நாவலை முதலில் படிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா என்று கேட்கும் வாசகர்களுக்கு என் யோசனை இது: நாவலை முதலில் படியுங்கள். கட்னிஸின் குரல் காதில் இருந்தால்தான், படம் எங்கெங்கே வாய் மூடியிருக்கிறது என்பதும், அந்த மௌனம் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதும் தெரியும். வீட்டில் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களைத் தனியே விட்டுவிடாமல் உடன் உட்கார்ந்து பாருங்கள், கேள்விகள் கேட்பார்கள். கட்னிஸின் கதையைச் சொல்லும் நான்கு படங்களில் முதலிரண்டும் அவசியம் பார்க்க வேண்டியவை. மற்ற இரண்டையும், மூன்றாம் நாவல் கைக்குக் கிடைக்காதபோது பார்த்துக்கொள்ளலாம்.